நாலாம் நம்பர் படம்

கீரமங்கலம்,
10-6-1956

அன்புள்ள அத்தானுக்கு சொர்ணவல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தை ஆரோக்கியம்மாள் டீச்சர் ஒரு பழைய பாடப்புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற கடிதத்தை மாமா உரக்கப் படித்து எல்லாருக்கும் சொல்லுவார்கள் என்றுதானே டீச்சர் முகவரிக்கு அனுப்பினீர்கள்? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் எனக்கென்று மட்டும் வந்த முதல் கடிதம் இது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று மூன்று தடவை படித்தேன். நீங்கள் சொன்னபடி வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். கூட வைத்திருந்த படத்தாள் மட்டும் என் பெட்டியில் இருக்கிறது.

அத்தான், நிஜமாகத்தான் கேட்கிறீர்களா? அங்கே உங்கள் ஆபீஸ்காரர் வீட்டுப் பெண்கள் எல்லாம் கிராப்பு வெட்டிக்கொள்கிறார்கள், நான் எண்ணெயும் கொண்டையுமாகக் கப்பலிலிருந்து இறங்கினால் உங்களுக்குத் தலைகுனிவு, இந்த ஆறு படத்தில் ஒன்றைப் போல வெட்டிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினால்தான் பர்மிட்டுக்கு எழுதிப்போடுவேன் என்கிறீர்கள். சின்ன வயதில் என் சடையைப் பிடித்து இழுத்து என்னை அழவைத்தவர் நீங்கள். அந்தச் சடை இப்போது உட்கார்ந்தால் தரையைத் தொடுகிறது. அதை நீங்களே வெட்டச் சொல்லுவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கண்ணாடியையும் படத்தாளையும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறு பேரும் வெள்ளைக்காரிகள். ஒன்றாம் நம்பர் முடியைச் சுருட்டி நெற்றியில் விட்டிருக்கிறாள். எனக்கு அந்தச் சுருட்டை இந்த ஜென்மத்தில் வராது. இரண்டாம் நம்பருக்குப் பிடரியில் ஒன்றுமே இல்லை, போலீஸ்காரர் மாதிரி. மூன்றாம் நம்பர் ஒரு கண்ணை மறைத்திருக்கிறாள். ஒற்றைக் கண்ணோடு நான் அத்தைக்கு எப்படிச் சோறு போடுவது? ஐந்தும் ஆறும் தோளைத் தொடுகின்றன. வெட்டினதாகவும் இல்லை, வெட்டாததாகவும் இல்லை.

நாலாம் நம்பர்தான் கொஞ்சம் மனசுக்குப் பட்டது. ரொம்பக் குட்டை. ஆனாலும் நெற்றியில் பொட்டுக்கு இடம் இருக்கிறது. காது இரண்டும் முழுசாகத் தெரிகின்றன. தோடு தெரிந்தால் யாரும் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள் அல்லவா?

முடி போனால் வளரும் அத்தான். இந்த வருஷமும் போனால் எனக்கு இருபத்தாறு முடிந்துவிடும். ஒரு பிள்ளை இல்லை, கூட இருந்தது எட்டே மாசம். நீங்கள் நினைத்துப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்றால், அடுத்த கடிதத்தில் 'நாலு' என்று ஒரு சொல் எழுதுங்கள். போதும்.

உங்கள்
சொர்ணம்


பினாங்கு,
2-7-1956

அன்புள்ள சொர்ணத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. துறைமுகத்தில் இப்போது வேலை அதிகம். கணக்கெழுதுகிற கிராணி வேலை என்று பேர்தான், நாள் முழுக்க மூட்டையோடு மூட்டையாக நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் பதில் தாமதம்.

நான் எழுதியது என் அபிப்பிராயம். கட்டாயம் என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. உன் முடி உனக்கு எவ்வளவு உயர்த்தி என்று எனக்குத் தெரியாதா? ஊரும் லேசில் விடாது. முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. நான் தப்பாக நினைக்க மாட்டேன். அம்மாவுக்கு முன்னைப் போல் முடியவில்லை என்று அப்பா எழுதியிருந்தார். நீ அங்கே அவர்களுக்குத் துணையாக இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான். இந்த ஊர்த் தண்ணீர் வந்த புதிதில் யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

நாலாம் படமோ எதுவோ, அது உன் இஷ்டம். நன்றாக யோசித்துச் செய். அவசரம் இல்லை.

ரத்தினவேல்


கீரமங்கலம்,
28-7-1956

அன்புள்ள அத்தானுக்கு,

நாலு என்று எழுதிவிட்டீர்கள். சுற்றி வளைத்து எழுதினாலும் எழுதிவிட்டீர்கள். நான் தயங்குவேன் என்று எனக்காகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

முடிவெட்டுகிற ஆண்டிச்சாமியிடம் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவர் பெண்சாதி அழகியைத்தான் பிடித்தேன். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "ஆத்தா, நான் பேறு பாத்திருக்கேன், பச்சப்புள்ளைக்கு முடி எறக்கியிருக்கேன். வாழுற பொம்பள தலையில கத்திரி வச்சதில்ல. என்னைய விட்ருங்க" என்றாள். உங்கள் பெயரைச் சொன்னேன். "அவுக கேட்டா குடுத்துத்தான் ஆகணுமாக்கும்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆண்டிச்சாமியின் கத்திரியை மடியில் மறைத்து எடுத்துக்கொண்டு எங்கள் வாழைக்கொல்லைக்கு வந்தாள்.

படத்தாளை ஒரு கல்லுக்கடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினாள். இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. அதற்குச் சரியாக வலது பக்கத்தைக் குறைத்தாள். பிறகு இடது பக்கம் நீளமாகத் தெரிந்தது. இப்படியே போய், படத்தில் இருப்பவளைவிட எனக்கு இரண்டு விரல் குறைவாக நின்றது. வெட்டின சடையைத் துணியில் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு அழகி அழுதாள். நான் அழவில்லை. கழுத்தில் காற்றுப் பட்டது, அது மட்டும் விசித்திரமாக இருந்தது. வாய்க்கால் தண்ணீரில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது அத்தான். காது தெரிகிறது.

வீட்டில் நடந்ததை முழுக்க எழுத எனக்குத் தெம்பில்லை. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே போட்டுவிட்டார்கள். "மொட்டையின்னா சாமிக்கு. சடையின்னா புருசனுக்கு. இது யாருக்குடி?" என்றார்கள். அதற்கு எனக்குப் பதில் இருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். நானாக ஆசைப்பட்டு வெட்டிக்கொண்டதாக இருக்கட்டும் என்பதுதானே உங்கள் உத்தரவு? அப்படியே சொன்னேன். மாமா அன்று சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டுச் செவந்தி அக்கா, "விசக்காய்ச்சல் கண்டு முடிய எடுத்துட்டாகளா தாயி?" என்று கேட்டார். ஆமாம் என்றிருந்தால் பேச்சு அன்றோடு போயிருக்கும். எனக்குத்தான் பொய் வராதே. இல்லை என்றேன். மறுநாள் அத்தை சமாதானமாக வந்து, "மிச்சத்தையும் எறக்கிருவோம், விராலிமலைக்கு நேந்துக்கிட்டேன்னு சொல்லிக்கிருவோம், ஊரு கையெடுத்துக் கும்பிடும்" என்று சொன்னார்கள். போட்டோவில் இருக்கும் முகமும் என் முகமும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் அத்தை என்னோடு பேசுவதில்லை.

புதுக்கோட்டையில் எடுத்த போட்டோ ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். மற்றவை மாமா போட்டிருக்கும் பாஸ்போர்ட் மனுவோடு போய்விட்டன. பார்த்ததும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். மாமாவுக்கும் நீங்கள் சொல்லித்தான் வெட்டினேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடுங்கள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள்
சொர்ணம்


பினாங்கு,
9-9-1956

சொர்ணத்துக்கு,

போட்டோ பார்த்தேன்.

நீ இவ்வளவு சீக்கிரம் செய்துவிடுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னொரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். பர்மிட் விஷயமாக இங்கே இப்போது கெடுபிடி அதிகம். இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகலாம். அப்பாவுக்கு நேரம் பார்த்து எழுதுகிறேன். அவர் கோபத்தில் இருக்கும்போது எழுதினால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரத்தினவேல்


கீரமங்கலம்,
18-11-1956

அத்தானுக்கு,

போட்டோ பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. நன்றாக இருக்கிறது என்றோ, கோரமாக இருக்கிறது என்றோ. அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு ஏதாவது இருக்கும் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இதோடு நாலாவது தடவை வெட்டியாகிவிட்டது. முடிக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு வளர்கிறது. காதை மறைக்க வந்தால் வெட்டிவிடுகிறேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கப்பல் ஏறும்போதும் இதே மாதிரி இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு விளையாட இடமில்லை.

அழகியால் இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வர முடியாது. என் தலையில் கத்திரி வைத்ததற்காக இந்த அறுப்பில் ஆண்டிச்சாமிக்கு நாலைந்து வீட்டார் வருஷக் கூலியான களத்து நெல்லை அளக்கவில்லை. அதில் நம் வீடும் ஒன்று. அப்படியும் நான் போய் நின்றால் கத்திரியை எடுக்கிறாள். "இன்னம் எத்தன தடவ ஆத்தா?" என்று மட்டும் கேட்டாள். கப்பல் ஏறுகிற வரைக்கும் என்றேன்.

செவந்தி அக்கா மகள் சமைந்திருக்கிறாள். சடங்குக்கு ஊரில் எல்லாச் சுமங்கலிகளையும் ஆலாத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் பந்தல்கால் ஓரம் நின்றிருந்தேன். தட்டு என்னைத் தாண்டிப் போனது. புருஷன் உயிரோடு இருக்கிறவள்தான் நானும். தோடு தெரிகிற மாதிரிதான் வெட்டியிருக்கிறேன். யாரும் காதைப் பார்க்கவில்லை அத்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். "உள்ளதச் சொல்லு ஆத்தா. நீயா இப்படிச் செய்யிறவ இல்ல" என்றார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் காட்டு என்றார்கள். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். படத்தாளைக் காட்டினேன். அதில் உங்கள் எழுத்து ஒன்றுகூட இல்லை. இரண்டாவது கடிதத்தையும் காட்டினேன். "உன் இஷ்டம்னுல்ல எழுதியிருக்கான்?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாமா இன்று உங்களுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலில்தான் என் மானம் இருக்கிறது. பர்மிட் எப்போது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. 'நான்தான் கேட்டேன்' என்று ஒரு வரி. உங்களிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

சொர்ணம்


கீரமங்கலம்,
6-1-1957

நீங்கள் மாமாவுக்கு எழுதிய பதில் நேற்று வந்தது. வழக்கம்போல மாமா உரக்கப் படித்தார்கள். மழை, நெல் விலை, அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம். கடைசியில் இது: "தாங்கள் கேட்டிருக்கும் விஷயத்தைப் பற்றி நான் அப்படி எதுவும் எழுதவில்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கும் புரியவில்லை."

மாமா அந்த வரியை இரண்டு தடவை படித்தார்கள். முதல் தடவை மற்றவர்களுக்காக. இரண்டாவது தடவை தங்களுக்காக என்று நினைக்கிறேன்.

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். அடுப்பில் போட்ட அந்தக் கடிதம் எனக்கு வரிக்கு வரி பாடம். சொல்லிக் காட்டட்டுமா என்று கேட்க வாய் வந்தது. பொய் சொல்லுகிறவளும் அப்படித்தானே பாடம் பண்ணி வைத்திருப்பாள் என்று தோன்றியது. விளக்குத் துடைக்கப் போய்விட்டேன்.

உங்களுக்கு மனசு எப்படி வந்தது? இந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். நான் உங்களுக்கு என்ன செய்தேன்?

சொர்ணவல்லி


பினாங்கு,
3-2-1957

சொர்ணத்துக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நீ எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். இங்கே ஒருத்தி இருக்கிறாள். நாலு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். நான் ஆஸ்பத்திரியில் காய்ச்சலாகக் கிடந்தபோது சோறு கொண்டுவந்து கொடுத்தவள். வேறு ஜாதி, வேறு பாஷை. அப்பாவுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார். அவரோ ஒவ்வொரு கடிதத்திலும் உன்னை அழைத்துக்கொள், அழைத்துக்கொள் என்று எழுதுகிறார். பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று ஒப்புக்கு எழுதிவைத்தேன். அவர் நிஜமாகவே ஆரம்பித்துவிட்டார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ எதைச் செய்யவே மாட்டாய் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தத் தாள் பழைய பேப்பர் கட்டில் கிடந்தது. முடியை வெட்டு என்றால் நீ மாட்டேன் என்பாய், கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை எழுதுவாய், அவளுக்கே வர இஷ்டமில்லை என்று அதை அப்பாவிடம் சொல்லிக் காலத்தைக் கடத்திவிடலாம் என்றுதான் எழுதினேன். நீ வெட்டிக்கொள்வாய் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. உன் போட்டோவை ஆபீஸ் முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதை வீட்டில் வைக்கவும் முடியவில்லை, தூக்கிப்போடவும் முடியவில்லை. ஆபீஸ் மேஜையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

அப்பாவுக்கு எழுதியது கோழைத்தனம். கேட்டேன் என்று எழுதினால் ஏன் கேட்டாய் என்பார். அதற்குப் பதில் சொன்னால் இவளையும் சொல்ல வேண்டி வரும்.

என்னைத் திட்டு. ஆனால் இந்தக் கடிதத்தையும் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ரத்தினவேல்


கீரமங்கலம்,
21-4-1957

அத்தானுக்கு,

இது டீச்சர் முகவரியிலிருந்து உங்களுக்கு வருகிற கடைசிக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பயப்படாதீர்கள், யாரிடமும் காட்டவும் இல்லை. முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். மாமா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன ஆத்தா?" என்றார்கள். நீங்கள் கேட்டீர்கள் என்பது அந்தத் தாளில் இருக்கிறது. அதே தாளில் நான் உங்களுக்கு வேண்டாதவள் என்பதும் இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் காட்டி மற்றதைக் கையால் மறைத்துக்கொள்ள முடியுமா? திமிர் பிடித்தவள் என்று ஊர் சொன்னதை ஏழு மாசம் தாங்கிவிட்டேன். புருஷனுக்கு வேண்டாதவள் என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டேன். "மோர் வேணுமா மாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் நிற்பேன். இரண்டு தடவை அத்தை பின்னாலேயே வந்து, ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். ஏழு மாசம் பேசாதவர்கள். அந்தக் கை சூடாக இருந்தது. அவர்களுக்காகத்தான் இப்போது சொல்லப்போகிற காரியத்தைச் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை.

எனக்குப் பொய் வராது என்று எழுதியிருந்தேன் அல்லவா? இப்போது வருகிறது. மாமாவையும் அத்தையையும் உட்காரவைத்துச் சொன்னேன். போன வருஷம் பினாங்கில் உங்களுக்கு உடம்பு ரொம்ப மோசமாகிவிட்டது என்று டீச்சர் முகவரிக்குத் தகவல் வந்தது, பெரியவர்கள் தாங்க மாட்டார்கள் என்று மறைத்தேன், பிழைத்தால் தலைமுடி தருகிறேன் என்று விராலிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டேன், முழுக்க எடுக்கப் பயந்து பாதியோடு நிறுத்தினேன், அந்தக் குற்றத்துக்குத்தான் இவ்வளவும் பட்டேன், பயத்தில் உங்கள் பேரில் பழியையும் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் காய்ச்சலாகக் கிடந்தேன் என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. டீச்சரைக் கேட்டார்கள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு ஜெபம் பண்ணப் போய்விட்டார், பாவம்.

மாமா எழுந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதைப் பார்க்கிற பாவமும் எனக்கு எழுதியிருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் விராலிமலை போனோம். துணியில் சுருட்டி வைத்திருந்த பழைய சடையையும் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். மிச்சம் இருந்ததை மலையடிவாரத்தில் இறக்கினார்கள். அத்தை என் தலையில் சந்தனம் பூசிவிட்டு, "எம்புள்ள உசுர மீட்டுக் குடுத்தவளையா நான் பேசாம வச்சிருந்தேன்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊருக்கு வந்தால் பெண்கள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். செவந்தி அக்கா தன் மகள் பரிசத்துக்கு நான்தான் ஆலாத்தி எடுக்க வேண்டும் என்கிறார். ஆண்டிச்சாமிக்கு நம் வீட்டு நெல்லை மாமாவே அளந்து போட்டார்கள்.

அழகி ஒருத்திதான் என் தலையைத் தொடாமல் தூர நின்று பார்த்தாள். "நாலாம் நம்பரு என்னாச்சு ஆத்தா?" என்று கேட்டாள். அவள் என் காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். நான் இனிக் கப்பல் ஏறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் பாஸ்போர்ட் வந்தது. அதில் நாலாம் நம்பர்க்காரியாக நான் இருக்கிறேன். ரொம்ப ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கேமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிற மாதிரி. அந்த முகத்தோடு நான் இனி எங்கேயும் போகப் போவதில்லை. அந்தப் பாஸ்போர்ட்டுக்குள்தான் உங்கள் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். நான் செத்தால் என்னோடு எரிக்கச் சொல்லி டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வரி கேட்டேன், நீங்கள் தரவில்லை. இப்போது வேறு ஒரு வரி கேட்கிறேன். வேண்டுதல் விஷயத்தை மாமா உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள், அதுவும் இதுவும் ஒரே கப்பலில் உங்கள் கைக்கு வரும். போன வருஷம் உடம்பு மோசமாக இருந்தது உண்மைதான், இப்போது பூரண குணம் என்று பதில் எழுதுங்கள். மாமா அதை உரக்கப் படிப்பார்கள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொள்வேன்.

இந்தப் பொய்யையாவது எனக்காக எழுதுங்கள்.

சொர்ணவல்லி